அம்புக்கு இறகு ஒட்ட எந்தப் பசை? சென்னையில் வில்வித்தை தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வில்வித்தை கற்கத் தொடங்கிய சில மாதங்களில் எல்லோர் வீட்டிலும் ஒரு மூலையில் இறகு பிய்ந்த அம்புகள் நாலைந்து சேர்ந்துவிடும். தண்டு நன்றாக இருக்கும், முனை நன்றாக இருக்கும், ஒரே ஒரு இறகு மட்டும் பாதி கழன்று தொங்கும். அதற்காக அம்பையே ஒதுக்கிவைக்க வேண்டாம். சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து நீங்களே ஒட்டிவிடலாம். என்ன பசை வாங்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

பாரிமுனைப் பக்கம் ஏதாவது ஒரு ஹார்டுவேர் கடையில் போய், "அண்ணே, நல்லா ஒட்டுற மாதிரி ஒரு பசை குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பசையை எடுப்பதற்கு முன்னால் அவர் கேட்பது, "எதுல எதை ஒட்டணும் சார்?" என்பதாகத்தான் இருக்கும். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம். இறகுப் பக்கம் எப்போதும் ஒன்றுதான்: இறகின் காம்பு, அதாவது நம் நகத்தில் இருக்கிற அதே வகைப் புரதமான கெரட்டின். மாறுவதெல்லாம் தண்டுப் பக்கம். மரமா, மூங்கிலா, அலுமினியமா, கார்பனா, அதன் மேல் என்ன பூசியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது. மீதிப் பாதியைச் சென்னையின் ஈரக்காற்று முடிவு செய்யும்.

முதலில் தண்டைப் பாருங்கள்

நம் நாட்டில் 'இந்தியன் ரவுண்ட்' என்றொரு போட்டிப் பிரிவு உண்டு. மூங்கில் வில்லை வைத்து எய்வது. செலவு குறைவு என்பதால் பிள்ளைகள் பலர் அதில்தான் தொடங்குகிறார்கள். அந்த அம்புகளும், பழைய பாணி நெடுவில் பிடிப்பவர்களின் அம்புகளும் மரத்தாலோ மூங்கிலாலோ ஆனவை. இவற்றில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மரத்தண்டில் நாம் இறகு ஒட்டும்போது பசை பெரும்பாலும் மரத்தைத் தொடுவதே இல்லை. மேலே பூசிய வார்னிஷையோ லாக்கரையோதான் தொடுகிறது. பூச்சு மரத்தை விட்டு உரிந்தால் பசை எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை, இறகு பூச்சோடு சேர்ந்து வந்துவிடும்.

அதனால் மரத்தண்டு வைத்திருப்பவர்கள் என்ன பூச்சு என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நம் ஊர்த் தச்சர்களிடம் கொடுத்துப் பூசியது என்றால் பிரெஞ்சு பாலிஷாக இருக்க வாய்ப்பு அதிகம். அது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. ஆல்கஹால் பட்டால் மறுபடி கரையும். ஆகவே அந்தத் தண்டை ஆல்கஹால் போட்டுத் துடைக்கவே கூடாது. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் பூசியது என்றால் கரைப்பான் பசை, அதாவது கரைப்பான் ஆவியாகி இறுகும் பசை, அதோடு நன்றாகச் சேரும், ஏனென்றால் பசையில் உள்ள கரைப்பான் லாக்கரின் மேல் தோலைக் கொஞ்சம் இளக்கி உள்ளே இறங்குகிறது. பாலியூரிதேன், அதாவது கடையில் 'பி.யு.' என்று கேட்டு வாங்குவது, இளகாது. வழுவழு என்று இருக்கும். அதை லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. எண்ணெய் வார்னிஷ் பூசியிருந்தால் அது முழுதாக உலர்ந்திருக்க வேண்டும். மூக்கருகே வைத்துப் பாருங்கள், வாசனை இன்னும் வந்தால் காத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் காத்திருப்பு நீளும்.

அலுமினியத் தண்டு ஈரத்தை உறிஞ்சாது, பசையையும் உறிஞ்சாது. கைரேகை எண்ணெயும், தொழிற்சாலையிலிருந்து ஒட்டிவரும் மெழுகுத்தன்மையும்தான் அதில் எதிரி. கார்பன் தண்டிலும் அப்படியே. மேலே தெரிவது கார்பன் இழைகளைப் பிணைத்திருக்கும் ரெசின், அச்சிலிருந்து எளிதாகக் கழன்றுவர உதவும் வழுக்குப்பொருள் அதில் தங்கியிருக்கலாம். தண்டின் மேல் வண்ண வினைல் ஸ்டிக்கர், 'ரேப்' என்பார்கள், சுற்றியிருந்தால் பசை அந்த வினைலில்தான் ஒட்டும். அதில் ஒரு வசதி உண்டு. அடுத்த முறை இறகு மாற்றும்போது ரேப்பையே உரித்துவிடலாம், தண்டைச் சுரண்டும் வேலை மிச்சம்.

எந்தப் பசை எதற்கு

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுமினியம், கார்பன் என்றால் ஜெல் வகைச் சயனோஅக்ரிலேட். பூச்சு போட்ட மரம் என்றால் அம்புக்கென்றே விற்கும் கரைப்பான் பசை, கூடவே இரண்டு முனையிலும் நூல்கட்டு. இந்த இரண்டையும் நன்றாகக் கையாளப் பழகிவிட்டால் வேறு எதையும் தேட வேண்டியிருக்காது. இனிக் காரணங்கள்.

சயனோஅக்ரிலேட் என்பது நாம் எல்லோரும் ஃபெவிக்விக் என்ற பெயரில் அறிந்த பொருள். 1942-ல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹாரி கூவர் குழுவினர் துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கண்ணில் பட்டது. தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1958-ல்தான் பசையாக விற்பனைக்கு வந்தது. இது உலர்ந்து இறுகுவதில்லை. பரப்பில் படிந்திருக்கிற மிக மெல்லிய ஈரம் பட்டதும் வேதிவினை தொடங்கி இறுகுகிறது. இதைப் புரிந்துகொண்டால் சென்னையில் இந்தப் பசை நடந்துகொள்ளும் விதம் முழுக்கப் புரிந்துவிடும். ஈரக்காற்றில் வேகமாகப் பிடிக்கிறது. ஏ.சி. அறையில் காற்று காய்ந்திருப்பதால் தாமதமாகப் பிடிக்கிறது. மூடி திறந்த ட்யூப் அடுத்த வாரம் கல்லாகிப் போவதும் இதனால்தான்.

பெட்டிக்கடையில் கிடைக்கிற சின்ன ட்யூபில் இருப்பது தண்ணீர் போல ஓடுகிற வகை. அவசரத்துக்கு உதவும், ஆனால் இறகுக்கு அது அவ்வளவு நல்லதல்ல. காம்பின் ஓரத்தில் வைத்ததும் இறகின் மயிரிழைகளுக்குள் ஏறிவிடும், இழைகள் விறைத்துக் குச்சியாகிவிடும். பூசாத மரத்தில் வைத்தால் மரம் அதைக் குடித்துவிடும், காம்புக்கு அடியில் ஒன்றும் மிஞ்சாது. ஜெல் வகை வைத்த இடத்தில் நிற்கும். லாக்டைட் போன்ற பெயர்களில் ஜெல் கிடைக்கிறது. கொஞ்சம் விலை கூட என்றாலும் அதையே வாங்குங்கள்.

இந்தப் பசைக்கு ஒரு பலவீனம் உண்டு. இழுவையைத் தாங்கும், உரிப்பதைத் தாங்காது. இறுகியபின் விறைப்பாக இருப்பதால் காம்பின் நுனியில் ஒரு இடி விழுந்து லேசாக நெம்பினால் விரிசல் விட்டு, அங்கிருந்து நீளவாக்கில் கழன்றுகொண்டே வரும். இறகு எப்போதும் முன்நுனியிலிருந்து பிய்வதற்குக் காரணம் இதுவே. இதற்கான மருந்து நுனியில் வைக்கும் ஒரு சொட்டு, அதைப் பின்னால் பார்ப்போம்.

அம்புக்கென்றே விற்கும் கரைப்பான் பசையில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் போனிங் நிறுவனத்தின் ஃப்ளெச்-டைட். வில்வித்தைப் பொருள் விற்பவர்களிடமோ இணையத்திலோதான் கிடைக்கும். இதே குணமுள்ள நைட்ரோசெல்லுலோஸ் பசைகள் கைவினைப் பொருள் கடைகளிலும் இருக்கின்றன. கரைப்பான் ஆவியாகப் போனபின் மிஞ்சுகிற படலம்தான் பிடிப்பு. அதனால் மெதுவாகப் பிடிக்கிறது: இறகைப் பிடித்துவைக்கும் கிளாம்பில் ஒரு இறகுக்கு 15, 20 நிமிடமாவது ஆகும். மூன்று இறகு ஒட்ட ஒரு மணி நேரம். பொறுமை வேண்டும். பதிலுக்குக் கிடைப்பது நெகிழ்வு. இறுகிய படலம் சயனோஅக்ரிலேட் போல விறைக்காது, மரத்தண்டு வளைந்து நெளிந்து பறக்கும்போது கூடவே வளையும். இறகை நேராக வைக்கத் தவறினால் திருத்த அவகாசமும் கிடைக்கும். கை பழகாதவர்களுக்கு இது பெரிய விஷயம்.

இரட்டைப் பக்க டேப் ஒட்டுபவர்களும் உண்டு. அம்பு இறகுக்கென்றே மெல்லிய டேப் விற்கிறார்கள். சுத்தம், வேகம், காத்திருப்பு இல்லை. ஆனால் வைத்தது வைத்ததுதான், நகர்த்த முடியாது. வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் அம்புப்பெட்டியை விட்டுவிட்டால் டேப்பின் பசை இளகி இறகு நகர்வதையும் பார்க்கலாம். டேப் ஒட்டினாலும் முன்னும் பின்னும் ஒரு சொட்டுப் பசை வைத்தே ஆக வேண்டும்.

அரால்டைட் போன்ற எபாக்சி பலமானது. ஆனால் கலக்க வேண்டும், கனம் கூடும், ஒரு இறகுக்காக மணிக்கணக்கில் ஜிக்கை, அதாவது அம்பையும் கிளாம்பையும் நேராகத் தாங்கும் கருவியை, பிடித்துவைக்க வேண்டும். அம்பின் பின்பகுதியில் கூடும் ஒவ்வொரு துளி எடையும் பறப்பைப் பாதிக்கும் என்பதால் இறகு முழுவதற்கும் எபாக்சி வேண்டாம். முனையை மாட்டுவதற்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். சூடாக்கி ஒட்டும் ஹாட்மெல்ட் கட்டியும் முனைக்குத்தான்.

வீட்டில் இருக்கிறதே என்று வெள்ளை ஃபெவிகாலை எடுப்பவர்கள் பலர். பூச்சே இல்லாத மரத்திலும் மூங்கிலிலும் அது பிடிக்கும், ஏனென்றால் அதிலுள்ள தண்ணீர் மரத்துக்குள் இறங்கிப் போக வழி இருக்கிறது. அலுமினியத்திலும் கார்பனிலும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை, படலம் சவ்வு மாதிரி உரிந்துவரும். மரத்திலும் நனைந்தால் இளகும். பள்ளிக்கூடக் கண்காட்சிக்குச் செய்யும் அம்புக்குப் போதும், எய்கிற அம்புக்கு வேண்டாம். செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசையும் அப்படித்தான். எப்போதும் கொஞ்சம் ரப்பராகவே இருக்கும், இறகு இடம்பெயரும்.

சுத்தம்: இங்கேதான் வெற்றியும் தோல்வியும்

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இந்தப் பகுதியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் பயிற்சி மைதானத்தில் 'பசை சரியில்லை' என்று சொல்லிக் காட்டப்படும் அம்புகளை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் பசைமேல் குற்றமில்லை. தண்டைக் கழுவாமல் ஒட்டியிருப்பார்கள். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்த கையால் முடியைக் கோதிவிட்டு, அதே விரலால் தண்டைப் பிடித்தால் போதும், அந்த இடத்தில் எந்தப் பசையும் நிற்காது.

அலுமினியத் தண்டுக்கு நம் அடுக்களையிலேயே மருந்து இருக்கிறது. சபீனா மாதிரி பாத்திரம் தேய்க்கும் தூளைக் கொஞ்சம் ஈரத்துணியில் தொட்டு, இறகு ஒட்டும் பகுதியைச் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். அப்புறம் குழாயடியில் பிடித்துத் தூளின் நரநரப்பு போகும்வரை அலசுங்கள். இப்போது தண்டைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீர் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். ஒரே படலமாக, எங்கும் விலகாமல் பரவி வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால், நடுவில் திட்டுத்திட்டாக விலகினால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடி தேயுங்கள். கார்பனுக்கும் இதே தண்ணீர்ச் சோதனை பொருந்தும்.

கார்பன் தண்டை 400 நம்பர் உப்புத்தாளால் மிக லேசாக, பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தேய்க்கலாம். ஈரம் வைத்துத் தேயுங்கள். கார்பன் தூசி மூச்சில் போகக் கூடாது, தோலில் பட்டாலும் அரிக்கும். அழுத்தித் தேய்த்து இழைகளை வெட்டிவிடாதீர்கள், அங்கே தண்டு பலம் இழக்கும். அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை வெள்ளைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். துணியில் கறுப்பு வராமல் நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டு துடைக்க ஐ.பி.ஏ. என்று கேட்டால் கொடுப்பார்கள், பாரிமுனை ரசாயனக் கடைகளிலும் கிடைக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் கை சுத்திகரிப்பான் இதற்குச் சரிப்படாது. கை காயாமல் இருக்க அதில் கிளிசரின் போன்றவை சேர்த்திருப்பார்கள், அது தண்டில் படலமாகத் தங்கும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்திலும் எண்ணெய் கலப்பு இருக்கலாம். சுத்தமான அசிட்டோன் என்றால் துணியில் தொட்டு ஒரு துடைப்பு துடைக்கலாம், கார்பன் தண்டை அதில் ஊறவைக்கக் கூடாது.

மரத்தண்டுக்குத் தண்ணீரும் வேண்டாம், தூளும் வேண்டாம். 320 நம்பர் உப்புத்தாளை இரண்டு மூன்று இழுப்பு, தூசியை உலர்ந்த துணியால் தட்டிவிடுங்கள். பிரெஞ்சு பாலிஷ் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஆல்கஹால்.

இறகுக் காம்பையும் மறக்காதீர்கள். வெட்டி விற்கும் வான்கோழி இறகின் காம்பு அடிப்பக்கம் தட்டையாக அரைக்கப்பட்டிருக்கும். அந்தத் தட்டைப் பரப்பில் மட்டும் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு இழுப்பு. சுத்தம் செய்தபின் தண்டிலும் காம்பிலும் விரல் படக் கூடாது, 'நாக்' பக்கம், அதாவது நாணில் மாட்டும் பள்ளம் உள்ள பின்முனையில், பிடித்து எடுங்கள்.

இறகு பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. ஒரு அம்பில் ஒட்டும் மூன்று இறகும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், இடது என்றால் மூன்றும் இடது. கலந்து ஒட்டினால் அம்பு சீராகச் சுழலாது. மரத்தடியில் கிடக்கிறதே என்று பருந்து, கழுகு இறகுகளை எடுத்து ஒட்ட வேண்டாம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிற பறவைகள் அவை. வான்கோழி இறகே இந்த வேலைக்கு மிகப் பொருத்தம்.

ஒட்டும் முறை

ஜிக் இல்லாமல் கையால் நேராக ஒட்டுவது அனுபவசாலிகளுக்கே கடினம். ஒரு அம்பு மாட்டும் எளிய ஜிக் ஒன்று வாங்கிவிடுங்கள், அல்லது பயிற்சியாளரிடம் கேட்டால் பெரும்பாலும் இருக்கும், இரவல் தருவார்.

முதலில் பசையில்லாமல் ஒரு ஒத்திகை. இறகைக் கிளாம்பில் வைத்து, காம்பின் தட்டைப் பகுதி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி சரிசெய்யுங்கள். கிளாம்பைத் தண்டின்மேல் இறக்கிப் பார்த்து, காம்பு முன்னிருந்து பின்வரை இடைவெளி இல்லாமல் படிகிறதா என்று வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். நடுவில் ஒளிக்கீற்று தெரிந்தால் கிளாம்பின் சாய்வைத் திருத்த வேண்டும். பசையைக் கொண்டு அந்த இடைவெளியை அடைக்க நினைக்காதீர்கள். சயனோஅக்ரிலேட் கனமான படலமாக இருந்தால் உள்ளே இறுகவே நேரமாகும், இறுகினாலும் பலம் குறைவு. இறகின் பின்நுனிக்கும் 'நாக்'கிற்கும் நடுவே ஏறக்குறைய 2.5 செ.மீ. விடுங்கள், நாணைப் பிடிக்கும் விரல்கள் இறகில் இடிக்காமல் இருக்க. மூன்றில் ஒன்று, வேறு நிறத்தில் இருப்பது, 'நாக்' பள்ளத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். மற்ற இரண்டும் 120 டிகிரி இடைவெளியில் தானாக அமையும், ஜிக் அதைப் பார்த்துக்கொள்ளும்.

இப்போது பசை. காம்பின் அடியில் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஒரே மெல்லிய கோடு. ட்யூபை அமுக்கிக்கொண்டே வேகமாக இழுக்க வேண்டும், நிறுத்தினால் அங்கே குமிழாகிவிடும். ஜெல் என்றால் ஊசி நூல் கனத்துக்கு இருந்தால் போதும், கரைப்பான் பசை என்றால் அதைவிடக் கொஞ்சம் தடிமனாக, ஏனென்றால் உலரும்போது அது சுருங்கும். கிளாம்பை நேராக இறக்கி அழுத்துங்கள். காம்பின் இரண்டு ஓரத்திலும் பசை மிக மெல்லிய விளிம்பாக எட்டிப் பார்த்தால் அளவு சரி. வழிந்து தண்டில் ஓடினால் அதிகம், பல்குத்தும் குச்சியால் உடனே வழித்துவிடுங்கள். ஒரு பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை என்றால் அங்கே காம்பு வெறுமனே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

சயனோஅக்ரிலேட்டுக்குக் கிளாம்பில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். கரைப்பான் பசைக்கு முன்பு சொன்ன 15, 20 நிமிடம், மழை நாளில் அரைமணி. கிளாம்பைத் திறக்கும்போது மேலே தூக்காதீர்கள். முதலில் பிடியை அகட்டி, பிறகு பின்னால் நகர்த்தி எடுங்கள்.

மூன்றும் ஒட்டி முடிந்தபின் ஒவ்வொரு இறகின் முன்நுனியிலும் பின்நுனியிலும் ஒரு சொட்டு வையுங்கள். முன்நுனியில் வைக்கும் சொட்டு முக்கியமானது. காம்பின் வெட்டுமுனையிலிருந்து தண்டுக்கு ஒரு சரிவுபோல இறங்க வேண்டும். அம்பு வைக்கோல் இலக்கைத் துளைத்து உள்ளே போகும்போதும், ஈரப்புல்லில் செருகும்போதும் முதலில் இடிபடுவது அந்த முனைதான். சரிவு இருந்தால் வழுக்கிப் போகும், இல்லையென்றால் கொக்கிபோல மாட்டிக்கொண்டு பிய்யும்.

மூங்கில் வில்லில் கைமேலேயே அம்பை வைத்து எய்பவர்கள் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். தூக்கி நிற்கிற காம்புமுனை, அம்பு பாயும்போது கையைக் கிழித்து உள்ளே ஏறும். அவர்கள் சொட்டோடு நிறுத்தாமல் முன்நுனியை நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். டெய்லர் கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் அல்லது நைலான் நூல் நல்லது. காம்பின் நுனியைக் கத்தியால் சீவிக் கூராக்கிவிட்டு, தண்டிலிருந்து தொடங்கிக் காம்பின்மேல் ஏறும்படி நெருக்கமாக எட்டுப் பத்துச் சுற்று, மேலே மெல்லப் பசை. பருத்தி நூலில் சயனோஅக்ரிலேட் ஊற்றாதீர்கள், வினை வேகமாக நடந்து சூடாகும். விரல் தடவிப் பார்த்து எங்கும் நெருடாமல் இருந்தால்தான் அந்த அம்பு எய்யத் தகுதி.

24 மணி நேரம் கழித்து

எந்தப் பசையாக இருந்தாலும் ஒரு நாள் விட்டுவிடுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதால் முழுப் பலமும் வந்துவிட்டது என்று ஆகாது.

ஒரு புதுப் பசையையோ புதுத் தண்டையோ முதன்முதலாகப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஆறு அம்பையும் ஒரேயடியாக ஒட்ட வேண்டாம். ஒன்றை ஒட்டி, மறுநாள் அதன் ஒரு இறகைக் கட்டைவிரல் நகத்தால் பக்கவாட்டில் நெம்பிப் பிய்த்துப் பாருங்கள். மனசு வராது, ஆனாலும் செய்யுங்கள். பிய்ந்த இடம் உங்களுக்கு எல்லாம் சொல்லிவிடும். பசை முழுக்கக் காம்போடு வந்து தண்டு பளிச்சென்று இருந்தால், தண்டைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. பசை முழுக்கத் தண்டில் நின்று காம்பு வெறுமையாக வந்தால், காம்பில் எண்ணெய், அல்லது அழுத்தம் போதவில்லை, அல்லது பசை வைத்தபின் தாமதித்ததில் மேல்தோல் கட்டிவிட்டது. பசையோடு சேர்ந்து வார்னிஷும் உரிந்து மரம் தெரிந்தால் பூச்சு தோற்றிருக்கிறது, பசையை மாற்றிப் பயனில்லை, பூச்சை எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். காம்பின் நார்கள் கிழிந்து கொஞ்சம் தண்டில், பசை இரண்டு பக்கமும் இருந்தால் நிம்மதியாக மற்ற ஐந்தையும் ஒட்டலாம், இதைவிட உறுதி தேவையில்லை.

சென்னை வெயிலும் மழையும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர்வரை, கரைப்பான் பசையில் வெள்ளை பூத்துப்போவதைப் பார்ப்பீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. பார்வைக்கும் கெடுதல், பிடிப்புக்கும் கெடுதல். மழைநாளில் ஒட்டியே ஆக வேண்டும் என்றால் ஏ.சி. ஓடுகிற அறையில், சன்னலைக் கொஞ்சம் மட்டும் திறந்துவைத்து ஒட்டுங்கள். ஆனால் மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம், மேல்தோல் மட்டும் சீக்கிரம் காய்ந்துவிடும். விடியற்காலையைவிட மதியம் காற்று காய்ந்திருக்கும், அதுவும் உதவும். சயனோஅக்ரிலேட்டும் அதிக ஈரத்தில் சுற்றிலும் வெள்ளைப் புகைபோலப் படியும். அது ஆவியாகி மறுபடி படிந்த பசை. துணியால் துடைத்தால் போகும், பிடிப்புக்குப் பெரிதாகக் கேடில்லை.

கத்திரி வெயிலில் கவலை வேறு. மூடிய காருக்குள் வெப்பம் எபாக்சியும் டேப்பும் இளகும் அளவுக்கு ஏறும். அம்புப்பெட்டியை மைதானத்துக்கு எடுத்துப் போனால் நிழலில் வையுங்கள், திரும்பும்போது வீட்டுக்குள் எடுத்து வந்துவிடுங்கள்.

சயனோஅக்ரிலேட் ட்யூபைத் திறக்காதவரை ஃபிரிட்ஜில் வைக்கலாம். திறந்ததை, செருப்புப் பெட்டியில் வருமே அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, காற்றுப்புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் மூடியைத் திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வந்தபின் திறங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த ட்யூபுக்குள் ஈரம் படிந்து மொத்தமும் கெட்டியாகும்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில்

அசிட்டோன், ஆல்கஹால், கரைப்பான் பசை மூன்றும் சட்டென்று தீப்பிடிக்கும். பூஜை விளக்கோ ஊதுவத்தியோ எரிகிற அறையில் இவற்றைத் திறக்காதீர்கள். சன்னல் திறந்திருக்கட்டும். சயனோஅக்ரிலேட் சிந்தினால் பஞ்சாலோ பனியனாலோ துடைக்கக் கூடாது. பருத்தியில் பட்டால் புகையும் அளவுக்குச் சூடாகி விரலைச் சுட்டுவிடும். பருத்திக் கையுறையும் போடக் கூடாது. விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் நிறையக் கழுவி நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும், கசக்கவோ இமையை இழுக்கவோ கூடாது.

பழைய பசையை எடுக்கும்போது

புது இறகு வைக்கும் இடத்தில் பழைய பசை கொஞ்சமும் இருக்கக் கூடாது. மழுங்கிய கத்தியின் முதுகை வைத்து, தண்டின் நீளவாக்கில், உங்களை விட்டு விலகும் திசையில் சுரண்டுங்கள். அலுமினியத்தில் மிஞ்சும் படலம் அசிட்டோன் துணியில் போய்விடும், சயனோஅக்ரிலேட் கொஞ்சம் நேரமெடுக்கும். மரத்தில் அசிட்டோன் பூச்சையும் சேர்த்துக் கரைக்கும் என்பதால் சுரண்டிவிட்டு உப்புத்தாளால் முடியுங்கள். கார்பனில் கத்தியின் கூர்ப்பக்கம் படவே கூடாது, தீயில் காட்டி இளக்கவும் கூடாது. சுரண்டி முடித்ததும் கார்பன் தண்டின் இரண்டு முனையையும் பிடித்து, முகத்தை விட்டு விலக்கி வைத்து லேசாக வளைத்து, சுற்றிச் சுற்றித் திருப்பிப் பாருங்கள். நொறுங்கும் சத்தம் கேட்டாலோ, விரலில் கீறல் தட்டுப்பட்டாலோ அதற்கு இறகு ஒட்ட வேண்டாம். உடைந்த கார்பன் தண்டு எய்யும்போது சிதறிக் கையில் பாயும். இரண்டாக உடைத்துக் குப்பையில் போடுங்கள், வேறு யாரும் எடுத்து எய்யாதபடி.